தீட்டும் கையும் தாங்கும் பீடமும்: மேசைப் போர்ச் சிற்றுருவங்களின் வரலாறு

மேசையின்மேல் குன்றும் காடும் ஓடையுமாக அமைத்த நிலப்பரப்பில், விரலளவே உள்ள வீரர் உருவங்களை அணிகளாக நிறுத்தி, அளவுநாடாவையும் பகடையையும் கொண்டு ஆடப்படும் போர் விளையாட்டு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறாண்டுக்கும் மேலாக வேரூன்றியிருக்கிறது. வரைபடமும் அதன்மேல் நகர்த்தும் கட்டைகளும் இருந்தாலே ஒரு போரை ஆடிவிட முடியும். இருந்தும் ஆட்டக்காரர்கள் மினியேச்சர் எனப்படும் சிற்றுருவங்களையே நாடினார்கள். அவற்றுக்கு வண்ணம் தீட்டுவதிலும், அவை நிற்கும் பீடத்தை மண்ணும் புல்லுமாக அணிசெய்வதிலும், ஆடும் நேரத்தைவிடப் பன்மடங்கு நேரத்தைச் செலவிட்டார்கள். ஆட்ட விதிகளின் வரலாறு பலமுறை எழுதப்பட்டிருக்க, தூரிகை பிடித்தவர்களின் வரலாறு அதன் ஓரக்குறிப்பாகவே நின்றுவிட்டது. அவர்கள் யார், எப்போது கூலிக்கு உழைத்தார்கள், எப்போது விருப்பத்துக்கு உழைக்கத் தொடங்கினார்கள் என்று கேட்கும்போதுதான், இக்கலையின் நுட்பங்கள் தோன்றிய காரணம் விளங்கத் தொடங்குகிறது.

தெற்கு ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் வெள்ளீயத்தால் தட்டும் குவளையும் வார்த்துவந்த கைவினைஞர்கள், 18ஆம் நூற்றாண்டில் அதே உலோகத்தில் சிறு உருவங்களையும் வார்த்து விற்கத் தலைப்பட்டனர். கோபுர்க்கில் 1732இல் பிறந்து நூரம்பர்க்கில் தொழில் நடத்திய யோகான் காட்ஃப்ரீட் ஹில்பெர்ட் இவர்களுள் முதன்மையானவர். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்கைக் குதிரைமேல் காட்டும் அவருடைய 1777ஆம் ஆண்டு உருவம் இன்றும் சேகரிப்பாளர்களால் போற்றப்படுகிறது. இவ்வுருவங்கள் தட்டையானவை. இரண்டு சிலேட்டுக்கல் பலகைகளில் உருவத்தின் முன்புறத்தையும் பின்புறத்தையும் உட்குடைவாகச் செதுக்கி, பலகைகளைப் பொருத்திப் பிடித்து, வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகத்தை உருக்கி ஊற்றினால், நாணயம்போல் மெலிந்த உருவம் கிடைக்கும். அது சாயாமல் நிற்பதற்காகக் காலடியில் ஒரு சிறு தகடும் சேர்ந்தே வார்க்கப்பட்டது. பிற்காலத்தில் ஒரு தனிக் கலையாக விரிந்த பீடத்துக்கு அன்று இருந்த வேலை இவ்வளவுதான் என்றாலும், அத்தகட்டிலும் சில செதுக்கர்கள் புல்நுனியையும் கூழாங்கல்லையும் கீறிவைத்தார்கள்.

1839இல் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன், அந்நூற்றாண்டின் நடுவில் காலாள் வீரனின் உயரத்தை ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் என்று நிலைப்படுத்தினார். நூரம்பர்க் அளவு என்று பெயர்பெற்ற இந்த ஏற்பாட்டினால் இன்று வாங்கிய பெட்டியும் அடுத்த ஆண்டு வாங்கும் பெட்டியும் ஒரே படையாகச் சேர முடிந்தது; குழந்தையின் கைப்பொருள் சேகரிப்பாளரின் பொருளாக மாறுவதற்கு இதைவிடப் பெரிய தூண்டுதல் வேண்டியதில்லை. உருவங்கள் மெல்லிய மரச்சீவலால் செய்த பெட்டிகளில் அடைக்கப்பட்டு எடைக்கணக்கில் விற்கப்பட்டன. செதுக்கரின் பெயர் சில தகடுகளில் இருக்கிறது. தீட்டியவரின் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை. தீட்டும் வேலை பெரும்பாலும் பட்டறைக்கு வெளியே, வீடுகளில், பெண்களாலும் குழந்தைகளாலும் எண்ணிக்கைக் கூலிக்குச் செய்யப்பட்டது. ஒவ்வோர் உருவத்தையும் தனித்தனியாக முடிக்காமல், வரிசையாக வைத்த உருவங்கள் அனைத்துக்கும் ஒரு நிறத்தை முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போவது கூலிவேலைக்கே உரிய முறை. இன்று தன் விருப்பத்துக்காக நூறு வீரர்களைத் தீட்ட உட்காரும் ஆட்டக்காரரும் அதே முறையைத்தான் கையாள்கிறார்.

இதே காலத்தில் பிரஷ்ய இராணுவத்தில் வளர்ந்த போர்ப் பயிற்சி ஆட்டம் உருவங்களை ஒதுக்கியே நடந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதை உருவாக்கிய மூத்த ரைஸ்விட்ஸ் 1812இல் அரசரிடம் அளித்த வடிவத்தில் நிலப்பரப்பைக் காட்டும் புடைப்புச் சதுரங்கள் இருந்தன. அவருடைய மகன் 1824இல் அதைத் திருத்தி, 1:8000 அளவிலான வரைபடத்தின்மேல் நீலமும் சிவப்பும் பூசிய சிறு உலோகக் கட்டைகளை நகர்த்தும் முறையை வகுத்தார். அதிகாரிகளுக்கு அந்தக் கட்டைகளே போதுமாயிருந்தன. நிலத்தையும் வீரனையும் ஒருசேரக் காட்டும் ஆசை வேறோர் இடத்தில் உச்சம் தொட்டது: பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் சைபோர்ன், வாட்டர்லூ களத்தில் பல மாதங்கள் தங்கி அளவெடுத்து, 1838இல் இலண்டனில் காட்சிக்கு வைத்த மாதிரியில் 70,000க்கும் மேற்பட்ட நுண்ணுருவங்கள் வயலும் வேலியுமான நிலத்தில் நின்றன. அது விளையாடுவதற்கு உரியதன்று. எனினும் வீரனின் காலடி மண்ணும் வரலாற்றின் சான்றே என்று கருதிய முதல் பெருமுயற்சிகளுள் ஒன்றாக அதற்கு இக்கலையின் வரலாற்றில் இடம் உண்டு.

இலண்டனில் 1893இல் இளைய வில்லியம் பிரிட்டன் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கொண்டுவந்தார். உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றியதும் அச்சின் சுவரை ஒட்டிய பகுதி முதலில் உறைந்துவிடும். அந்த நொடியில் அச்சைக் கவிழ்த்தால் நடுவிலுள்ள உலோகம் வெளியே ஓடிவிட, உள்ளே கூடான முழு உருவம் எஞ்சும். உலோகச் செலவு குறைந்தது, எடை குறைந்தது, ஜெர்மன் பொம்மைகளின் ஆதிக்கம் தளர்ந்தது. ஏறத்தாழ 54 மில்லிமீட்டர் உயரமுள்ள இவ்வீரர்கள் குதிரைப்படையானால் பெரும்பாலும் ஐவரும் காலாட்படையானால் எண்மருமாகச் சிவப்புப் பெட்டிகளில் வந்தனர். பிரிட்டிஷ் பேரரசின் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாக இப்பெட்டிகளில் இடம்பெற்றபோது மதராஸ் சுதேசிக் காலாட்படையும் அவற்றுள் ஒன்றாயிற்று. சென்னை மாகாணத்துச் சிப்பாயின் சீருடையை, அவனை ஒருநாளும் பார்த்திராத இலண்டன் பெண்கள், தொழிற்சாலையிலும் வீடுகளிலும் அமர்ந்து, மாதிரி உருவம் ஒன்றைப் பார்த்துத் தீட்டினார்கள். பளபளக்கும் எனாமல், நிழல் இல்லாத தட்டை நிறம், கன்னத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, பீடத்தில் ஒரே பச்சை என்னும் அந்தப் பாணியைப் பிற்கால நுண்தீட்டலின் அளவுகோலால் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று. தரையில் கிடந்து விளையாடும் சிறுவனின் கண்ணுக்கு நெடுந்தொலைவிலிருந்தே படைப்பிரிவு தெரிய வேண்டும், ஆயிரமாவது உருவமும் முதல் உருவத்தை ஒத்திருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் அது குறைவின்றி நிறைவேற்றியது.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் விதிநூல் இந்த வீரர்களைக் கொண்டே ஆடும்படி எழுதப்பட்டது. சுருள்வில் பொம்மைப் பீரங்கியால் எதிரியின் வீரர்களை உண்மையாகவே அடித்து வீழ்த்துவது அவருடைய ஆட்டத்தின் உயிர். அடிபட்டு விழும் உருவத்தில் நுண்ணிய தீட்டலுக்கு இடமில்லை; பகடை வந்து பீரங்கியின் இடத்தைப் பிடித்த பிறகே தூரிகைக்கு உரிய காலம் வந்தது என்று சொல்லலாம். ஏனெனில், உருவம் இனி அடிபடாது என்ற உறுதி கிடைத்தால்தான் ஒருவர் அதன் பொத்தான்களைத் தீட்ட உட்காருவார்.

அந்த மாற்றம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிகழ்ந்தது. கலிபோர்னியாவின் வைசேலியாவில் ஜாக் ஸ்க்ரூபி 1950களின் நடுவில் ரப்பர் அச்சுகளைக் கொண்டு ஆட்டத்துக்கென்றே உருவங்களை மலிவாக வார்க்கத் தொடங்கினார். கல்லைச் செதுக்குவதற்கு ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும். ரப்பர் அச்சுக்கோ ஒரு மூல உருவம் இருந்தால் போதும். இங்கிலாந்தில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் ‘வார் கேம்ஸ்’ நூல் 1962இல் வெளிவந்து, சிதறிக்கிடந்த ஆர்வலர்களை ஒன்றுசேர்த்தது. இப்புதிய உருவங்கள் பெரும்பாலும் வண்ணம் பூசாமலேயே விற்கப்பட்டன. தீட்டுவோருக்குக் கூலி கொடுத்தால் விலை கட்டுப்படியாகாது. ஆட்டக்காரருக்கோ ஒரு பெட்டி எட்டு வீரர்கள் போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும். இவ்வாறு, நூரம்பர்க் வீடுகளிலும் இலண்டன் பட்டறைகளிலும் இருந்த வேலை, ஒரு தலைமுறைக்குள் வாங்குபவரின் கைக்கே மாறியது. இந்த வரலாற்றில் இதைவிட முக்கியமான திருப்பம் வேறில்லை. கூலிக்குத் தீட்டியவருக்கு வேகமே ஊதியம். தனக்காகத் தீட்டுபவருக்கு நேரம் செலவன்று என்பதால், நுட்பம் பெருகத் தொடங்கியது.

கைக்கு வந்த பொருள்களோ எளிதானவையாக இல்லை. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959 முதல் வெளியிட்ட சிறு வீரர்கள் மலிவானவர்கள். ஆனால், அவர்களை வார்த்த மென்மையான பாலித்தீனில் வண்ணம் பற்றாது, துப்பாக்கி வளையும்போதெல்லாம் உதிர்ந்துவிடும். சோப்பு நீரில் கழுவுவதும், பசையை மெல்லியதாகப் பூசிக் காயவைப்பதும் போன்ற வழிகளை ஆர்வலர்கள் இதழ்களில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். வண்ணம் என்றால் ஹல் நகரத்து ஹம்ப்ரால் நிறுவனத்தின் சிறு தகர டப்பாக்களில் வந்த எனாமல்தான். அதை டர்பன்டைன் வகை எண்ணெயில் கரைக்க வேண்டும். காய மணிக்கணக்கில் ஆகும். அடிப்பூச்சு நன்றாகக் காயாமல் மேற்பூச்சு இட்டால் இரண்டும் கலங்கிவிடும். இத்தனை தடைகளுக்கிடையே மெல்தம் என்னும் யார்க்ஷயர் சிற்றூரின் ஹிஞ்ச்லிஃப் நிறுவனத்துக்காக உருவங்களைச் செதுக்கிய பீட்டர் கில்டர், நெப்போலியன் காலப் பெரும்படைகளைத் தீட்டி, அவற்றுக்கேற்ற நிலப்பலகைகளையும் தாமே அமைத்தார். 1978இல் டைன் டீஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘பேட்டில்கிரவுண்ட்’ தொடரில் அவருடைய களங்கள் இடம்பெற்றபோது, தீட்டிய படை தீட்டிய நிலத்தின்மேல் நிற்கும் அழகைப் பலர் முதன்முறையாகக் கண்டனர்.

இங்கே நிழல் என்னும் சிக்கலைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். 28 மில்லிமீட்டர் உருவம் உண்மை மனிதனில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. அறையின் விளக்கொளி அந்த அளவுக்குச் சிறுப்பதில்லை. ஆகவே மடிப்பின் ஆழத்திலும் ஒளி புகுந்து நிழலை அழித்துவிடுகிறது. ஒரே நிறம் பூசிய சட்டை, சட்டையாகத் தோன்றாமல் நிறக்கட்டியாகத் தோன்றுகிறது. கைநீட்டும் தொலைவில் வைத்துப் பார்க்கும் இவ்வுருவம், கணக்குப்படி, நாற்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும் மனிதனுக்கு ஈடு. அத்தொலைவில் எவருடைய கண்மணியும் தெரியாது. இருந்தும் தீட்டுபவர் கண்மணியைத் தீட்டுகிறார். எனவே இக்கலை கண்ணால் காண்பதை அப்படியே பதிவது அன்று. இயற்கை தர மறுக்கும் நிழலையும் ஒளியையும் தூரிகையால் ஈடுசெய்வது. இதை முதலில் உணர்ந்தவர்கள் தட்டை உருவங்களைச் சேகரித்த ஜெர்மானியர்கள். புடைப்பே இல்லாத தகட்டில் உடலின் திரட்சியைக் காட்ட வேண்டியிருந்ததால், ஓவியர்களைப்போல் எண்ணெய் வண்ணத்தைக் குழைத்து இருளிலிருந்து ஒளிக்கு இழைத்துச் செல்லும் முறையை அவர்கள் வளர்த்தார்கள். காட்சி உருவங்களைத் தீட்டிய பிற நாட்டவரும் அதையே முப்பரிமாண உருவங்களுக்குப் பயன்படுத்தினர். சிகாகோவின் ஷெப்பர்ட் பெய்ன் தம் காட்சியமைப்புகளாலும், 1980இல் வெளியிட்ட கையேட்டாலும், உருவமும் நிலமும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தைப் பரப்பினார்.

ஆட்டத்துக்குரிய பீடம் அதற்குள் வேறு காரணத்தால் முக்கியத்துவம் பெற்றிருந்தது. பிரிட்டனில் ஃபில் பார்க்கரும் நண்பர்களும் 1969இல் தொடங்கிய வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப், பண்டைக்காலப் போருக்கான விதிகளை எழுதியபோது, 25 மில்லிமீட்டர் உருவங்களை 60 மில்லிமீட்டர் முகப்புள்ள அட்டைகளில் ஒட்டும்படி வகுத்தது. நெருங்கி நின்று போரிடும் கனரகக் காலாட்கள் நால்வர், தளர்ந்த அணியினர் மூவர், பரவிநின்று கவண் எறிவோர் இருவர் என ஒரே முகப்பில் எண்ணிக்கை வேறுபடும். ஆகவே பீடத்தைப் பார்த்தாலே அப்பிரிவின் போர்முறை விளங்கிவிடும். பல விதிநூல்கள் இந்த அளவையே ஏற்றதால், ஊர்விட்டு ஊர் சென்றாலும் ஒருவர் படை மற்றொருவர் படையோடு மோத முடிந்தது. ஹைன்ரிக்சன் உருவத்தின் உயரத்தால் செய்ததை இவர்கள் பீடத்தின் அகலத்தால் செய்தார்கள் எனலாம். அந்த அட்டையின் மேற்பரப்புக்கு விதி எதுவும் இல்லை. தொடக்கத்தில் பச்சை வண்ணமும் சாயமேற்றிய மரத்தூளும் போதுமாயிருந்தன. பின்னர், மாதிரி இரயில் அமைப்போர் பயன்படுத்திய பொருள்கள் இங்கும் வந்தன: ஃப்ளாக் எனப்படும் நொய்ந்த தூள், வெள்ளைப் பசைமேல் தூவும் மணல், மின்னூட்டத்தால் நிமிர்ந்து நிற்கும் செயற்கைப் புல்லிழைகள்.

கற்பனை உலகங்களுக்கு ஆட்டம் விரிந்தபோது இவையெல்லாம் ஓரிடத்தில் குவிந்தன. 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தனி வீரன் ஒருவனை ஆட்டக்காரரின் பிரதிநிதியாக்கியதால், ஓர் உருவத்துக்கே ஒரு மாலைப்பொழுதைக் கொடுப்பது பொருளுள்ளதாயிற்று. பிரையன் ஆன்செல் தலைமையில் 1979இல் நியூஆர்க்கில் தொடங்கிய சிட்டடெல் மினியேச்சர்ஸ், அதன் துணைநின்ற கேம்ஸ் வொர்க்‌ஷாப்புடன் பின்னர் ஒன்றாகி நாட்டிங்ஹாமில் நிலைகொண்டது. 1983இல் ‘வார்ஹாமர்’ ஆட்டத்தையும் 1987இல் அதன் எதிர்கால வடிவத்தையும் வெளியிட்டது. அங்கு செதுக்கியவர்கள் தலையையும் கையையும் ஆயுதத்தையும் இயல்புக்கு மிஞ்சிப் பெரிதாக்கி, மடிப்புகளை ஆழமாக வெட்டினார்கள். இது கைத்தவறு அன்று. தூரிகையை எண்ணிச் செய்த சிற்பம். நீர்த்த வண்ணத்தை உருவம் முழுவதும் பாயவிட்டால் அது பள்ளங்களில் தங்கி நிழலாகும்: இதற்கு வாஷ் என்று பெயர். வண்ணத்தை ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்ட தூரிகையால் வருடினால் மேடுகளில் மட்டும் வெளிர்நிறம் பற்றும்: இது டிரை பிரஷ். இரண்டுமே ஆழமான சிற்பத்தை நம்பியிருப்பவை என்பதால், செதுக்குபவரின் உளி புதியவரின் தூரிகைக்குப் பாதி வேலையை முன்கூட்டியே முடித்துக்கொடுத்தது.

வண்ணமும் மாறியது. எனாமலின் இடத்தை நீரில் கரையும் அக்ரிலிக் பிடித்தது. நிமிடங்களில் காய்வதும், காய்ந்தபின் நீரில் கரையாததும் அதன் இரு பண்புகள். இவற்றால் அடர்நிறம், நடுநிறம், வெளிர்நிறம் என்று அடுக்கடுக்காக ஒரே மாலையில் ஏற்றிவிட முடிந்தது. கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் ‘ஒயிட் டுவார்ஃப்’ இதழின் பக்கங்களில் ஜான் பிளாஞ்சும் நிறுவனத்தின் தீட்டுநர்களும் தங்கள் முறைகளை வெளிப்படையாக எழுதினார்கள். தொழில் இரகசியமாக இருந்திருக்கக்கூடியதை விற்பவரே வாங்குபவருக்குக் கற்பித்தார் என்பது கவனத்துக்குரியது. கற்றவர் மேலும் வண்ணம் வாங்குவார் என்ற வணிகக் கணக்கு அதில் இருந்தாலும், ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுத்தந்த பெருமையை அதற்காக மறுக்க வேண்டியதில்லை. 1987இல் தொடங்கிய ‘கோல்டன் டீமன்’ போட்டியில் முதன்மை பெறுபவருக்கு உண்மையான வாள் ஒன்று பரிசாக அளிக்கப்பட்டது. நூரம்பர்க்கில் பெயரற்றிருந்த வேலைக்குப் பெயரும் பரிசும் கிடைத்துவிட்டன.

சிட்டடெல் 1980களின் நடுவில் கொண்டுவந்த பிளவுப் பீடம் சிறிய மாற்றமாகத் தோன்றியது. அதுவரை உலோகப் பீடம் உருவத்தோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. இப்போதோ உருவத்தின் காலடியில் ஒரு மெல்லிய பட்டை மட்டும் இருக்க, அதைத் தனியே செய்த பிளாஸ்டிக் பீடத்தின் பிளவில் செருகினால் போதும். அதன் விளைவாக ஒவ்வொரு வீரனின் காலடியிலும் வெறுமையான ஒரு சிறு நிலம் வாங்குபவருக்குக் கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் அந்நிறுவனமே அதைப் பளிச்சென்ற பச்சையும் மணலுமாக நிரப்பிக் காட்டியது. மேசையின் பச்சை விரிப்போடு அது ஒன்றியது. பின்னர் மரப்பட்டைத் துண்டு பாறையாயிற்று, தக்கை இடிந்த சுவராயிற்று, உலர்ந்த வேர் வீழ்ந்த மரமாயிற்று. கொலுப்படியில் பூங்கா அமைக்கும் வீட்டார் கடுகு விதைத்துப் புல் முளைக்கச் செய்வதற்கு ஒப்பான உத்தி இது. அளவுக்குப் பொருந்தும் பொருளை அன்றாடப் பொருள்களிடையே கண்டெடுக்கும் கண்ணே இதற்கு மூலதனம். பீடத்தைப்போலவே தீட்டலும் மாறியது: பிரான்சின் ரேக்கம் நிறுவனம் வெளியிட்ட உருவங்களையொட்டி, உலோக வண்ணமே இல்லாமல் சாம்பல், நீலம், வெள்ளை நிறங்களைக் கொண்டே வாளின் மினுக்கத்தைக் காட்டும் முறையும் பரவியது. காரீயம் உடலுக்குத் தீங்கு என்ற விழிப்பினால் 1990களில் உலோகக் கலவையும் மாறி, காரீயம் கலவாத வெள்ளை உலோகமும் பிளாஸ்டிக்கும் இடம்பிடித்தன.

நேரம் செலவன்று என்ற நிலையும் எல்லாருக்கும் நீடிக்கவில்லை. உருவங்களை மலிவாக வாங்கிக் குவித்தவர்கள் அவற்றைத் தீட்ட நேரமின்றித் திணறினார்கள். மரச்சாமான்களுக்குப் பூசும் நிறமேற்றிய வார்னிஷில் உருவத்தை முக்கி எடுத்து நிழலை ஒரே வீச்சில் பெறும் வழியை ஆட்டக்காரர்களே கண்டுபிடித்தனர். டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் நிறுவனம் அதை விற்பனைப் பொருளாக்கியது. 2019இல் சிட்டடெல் வெளியிட்ட கான்ட்ராஸ்ட் வண்ணங்கள், வெளிர் அடிப்பூச்சின்மேல் ஒருமுறை பூசினாலே நடுநிறமும் நிழலும் சேர்ந்து வரும்படி செய்தன. மற்றொரு வழி, கூலி கொடுத்துத் தீட்டச் செய்வது. தீட்டித் தரும் பட்டறைகள் பல நாடுகளில் தோன்றின. இலங்கையிலும் அத்தகைய பட்டறைகள் இயங்கி, மேலை நாட்டு ஆட்டக்காரர்களின் படைகளைத் தீட்டி, பீடம் அமைத்து, பெட்டியிலிட்டு அனுப்புகின்றன. நூரம்பர்க் வீட்டுப் பெண்களின் வேலை இந்துமாக்கடலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இங்கும் செதுக்கியவரின் பெயர் தெரிய, தீட்டியவரின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

பீடத்தின் அளவு மட்டும் இன்றும் விதியெழுதுபவரின் கையில் இருக்கிறது. 2015இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் தன் கற்பனைப் போர் ஆட்டத்தைச் சதுரப் பீடங்களிலிருந்து வட்டப் பீடங்களுக்கு மாற்றியது. வீரர்கள் வரிசையாக நிற்க வேண்டியதில்லை என்பதால் சதுரத்தின் தேவை போயிற்று. பலர் தங்கள் படைகளை அரும்பாடுபட்டு வட்டத்துக்கு மாற்றினார்கள். 2024இல் அதே நிறுவனம் ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ என்ற பெயரில் அணிவகுப்பு ஆட்டத்தை மீட்டபோது சதுரம் திரும்பியது; ஆனால், முன்பு 20 மில்லிமீட்டரில் நின்ற மனித வீரனுக்கு இப்போது 25 மில்லிமீட்டர் வேண்டும் என்றானது. பழைய படை வைத்திருப்போருள் சிலர் மணலையும் புல்லையும் பெயர்த்து மீண்டும் அமைக்கிறார்கள். வேறு சிலர், முப்பதாண்டுக்கு முன் தம் கையால் அமைத்த பீடத்தை உடைக்க மனமில்லாமல், சிறு சதுரங்களை உரிய இடைவெளியில் பதிக்கும்படி பள்ளங்கள் வெட்டிய தட்டுகளைச் செய்தோ வாங்கியோ அதன்மேல் படையை நிறுத்தி ஆடுகிறார்கள்.